உள்வாடகைக்கு ஒரு மூலை

கட்டட முதலாளி முத்துலிங்கம் படியேறி வருவதைக் கண்டதும் வினோதாவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

"கஜேந்திரா, அந்தக் கண்ணாடிப் பெட்டிய மேசைக்குக் கீழ தள்ளிட்டு மெஷின்ல ஒக்காரு!"

லிந்துலை பஜாரில் வினோதா தையல் கடை வைத்து இருபத்தொரு வருசம். வாடகைச் சட்டம் குறுக்கே நின்றதால் முதலாளியால் அவளைக் கிளப்ப முடியவில்லை. வேறொருவருக்கு உள்வாடகைக்கு விட்டாள் என்று நிரூபித்தால் மட்டும் கிளப்பலாம். போன வருசம்தான் கஜேந்திரனுக்கு வாட்ச் ரிப்பேர் செய்ய ஒரு மூலையை விட்டிருந்தாள். மனுசன் அதை மோப்பம் பிடித்துவிட்டார்.

"யாரு இது?"

"நம்ம தையல்காரர்ங்க முதலாளி."

"அப்படியா?" முதலாளி கையிலிருந்த பையைப் பிரித்தார். "இந்த ட்ரவுசர் நீளம். மடிச்சுத் தைக்கச் சொல்லு."

கஜேந்திரன் அக்கறையாகத்தான் தைத்தான். இரண்டு காலும் ஒன்றாகச் சேர்ந்துவிட்டன.

"என் தம்பிங்க. இப்பதான் பழகுறான்," என்றாள் வினோதா.

"தம்பிக்கு எதுக்குச் சுவத்துல பன்னெண்டு மணிக்கூடு?"

"அவனுக்கு நேரம் தவறக் கூடாதுங்க."

பன்னிரண்டும் பன்னிரண்டு நேரம் காட்டின. முதலாளி சிரித்துக்கொண்டே போனார். அந்தச் சிரிப்பு வினோதாவுக்குப் பிடிக்கவேயில்லை.

அடுத்த மாதம் வாடகைச் சபையில் முதலாளி சாட்சியை எடுத்து வைத்தார். திருவிழாவுக்குக் கஜேந்திரன் பஜார் அம்மன் கோயிலுக்கு வாங்கிக் கொடுத்த டியூப்லைட்! வெளிச்சத்தில் பாதியை மறைத்துச் சிவப்பு எழுத்து: 'உபயம்: கஜேந்திரன் வாட்ச் ரிப்பேர், வினோதா தையல் கடை உள்ளே.'

"பேரு போடாம ஒரு லைட்டுக் குடுக்க மாட்டியாடா?" என்று வினோதா பல்லைக் கடித்தாள்.

"எல்லாரும் போட்டாங்கக்கா."

முதலாளி நெஞ்சை நிமிர்த்தினார். "லைட்டக் கழட்டிக் குடுத்த பூசாரியையும் கூட்டியாந்திருக்கேன். சாமியத் தொடுற மனுசன், பொய் சொல்ல மாட்டாரு. கேளுங்க."

வினோதாவுக்கு மெஷின் நினைவுதான் வந்தது. இத்தனை வருசம் மிதித்த மெஷினை இனி எங்கே கொண்டுபோய்ப் போடுவது?

"உள்வாடகைக்கு விட்டது உண்மையா?" என்று அதிகாரி கேட்டார்.

பூசாரி சின்னத்தம்பி கும்பிட்டார். "உண்மைதானுங்க ஐயா. லைட்டுக் கேட்டு முதலாளி வந்தப்ப உபயக் கணக்கத் தேடினதுலதான் பழைய கோயில் பத்திரமும் கெடச்சுது: கடைக் கட்டடம் அம்மனோடது, முதலாளியே அங்க வாடகைக்காரருதான், இந்தம்மாவுக்கு உள்வாடகைக்கு விட்டதும் அவருதான், அதனால இனிமே இவங்க நேரா கோயிலுக்கே வாடகை கட்டிக்கிட்டு அங்கயே இருக்கட்டும்னு நேத்துக் கூட்டத்துல முடிவு பண்ணிட்டோமுங்க!"