முயல் என்ன பண்ணிச்சு?

மாமியாராகப் போகிறவரை ஒரு மணி நேரம் பத்து நிமிடம் எதையுமே செய்யவிடாமல் உட்கார வைத்தவள் நான். அதுவும் முதல் சந்திப்பிலேயே, அவர் வீட்டு ஹாலிலேயே, அவர் சமைத்த சாம்பார் ஆறிக்கொண்டிருக்கும்போதே. இதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் நான் சொல்லாவிட்டால் வேறு யாராவது சொல்லிவிடுவார்கள், எங்கள் குடும்பம் அப்படி.

அப்போது எனக்கு ஒரு கிறுக்கு இருந்தது. (இப்போதும் இருக்கிறது.) ஞாயிற்றுக்கிழமையானால் சேலையூர் பக்கம் ஒரு கடை மாடிக்குக் கார்டு விளையாடப் போய்விடுவேன். ரம்மி இல்லை. மிருகம், மந்திரம் என்று படம் போட்ட கார்டுகளை அவரவர் தேடி வாங்கி, அவரவருக்கென்று ஒரு கட்டு சேர்த்து மோதும் ஆட்டம். எல்லோரும் மிருகங்களை இறக்கி எதிராளியின் இருபது உயிரைக் காலி செய்யப் பார்ப்பார்கள். என் கட்டு வேறு ரகம், கன்ட்ரோல் என்பார்கள். நான் எதையும் இறக்க மாட்டேன். எதிராளி இறக்குவதைத் தடுப்பேன், தப்பி வந்ததை அழிப்பேன், அவர் கை ஓய்ந்ததும் கடைசியில் மெதுவாக ஜெயிப்பேன். என்னோடு ஆட வேண்டி வந்தால் அந்தக் கடையில் எல்லோரும் முதலில் கீழே போய் டீ குடித்துவிட்டு வருவார்கள்.

என்னிடம் தோற்றுவிட்டு, "அடுத்த வாரமும் வருவீங்களா?" என்று கேட்ட ஒரே ஆள் பிரவீன். அப்படித்தான் ஆரம்பித்தது.

எங்கள் வீட்டில் கல்யாணத்துக்குச் சம்மதித்துவிட்டார்கள். பிரவீனின் அப்பாவோ, "உங்கம்மாவுக்குப் பிடிச்சா எனக்கும் பிடிச்ச மாதிரி" என்று ஒதுங்கிக்கொண்டார். ஆக, எல்லாம் அவன் அம்மா வசந்தா ஆன்ட்டி கையில். அரசுப் பள்ளியில் தமிழ் டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். "ஏதோ சீட்டாடற பொண்ணாமே, அந்தக் கட்டையும் எடுத்துட்டு வரச் சொல்லு, நானும் கத்துக்கறேன்" என்றாராம்.

ராஜகீழ்ப்பாக்கம் பஸ் ஸ்டாப்பில் பிரவீன் காத்திருந்தான். "ஒண்ணே ஒண்ணுதான் கேக்கறேன். தோத்துடு."

"இத நீ சொல்லணுமா?" என்றேன். மனதாரத்தான் சொன்னேன். பீர்க்கன்கரணையிலிருந்து வரும் வழியெல்லாம் எப்படி அழகாகத் தோற்பது என்றுதான் யோசித்துக்கொண்டு வந்தேன்.

ஆன்ட்டிக்கு பிரவீனின் மிருகக் கட்டைக் கொடுத்தோம். ஒவ்வொரு கார்டையும் வகுப்பில் செய்யுள் வாசிப்பதுபோல் வாசித்துவிட்டுத்தான் வைத்தார். முதலில் ஒரு முயல். விட்டேன். அப்புறம் ஓர் ஆடு, ஒரு நரி. அவற்றையும் விட்டேன். பிரவீன் என்னைப் பார்த்துப் பெருமையாகத் தலையாட்டினான். பாவம், அவனுக்கு நான் நல்ல பெண்ணாகிவிட்டதாக நினைப்பு. உண்மையில் சின்ன மிருகங்களுக்கெல்லாம் தடுக்கும் கார்டைச் செலவழிக்க மாட்டேன், அவ்வளவுதான். மூன்று சேர்ந்ததும் என் கை தானாகவே ஒரு கார்டை வைத்துவிட்டது. மேஜையில் இருக்கும் மிருகங்கள் அத்தனையும் அழியும் கார்டு.

"எல்லாமேவா?" என்றார் ஆன்ட்டி.

"எல்லாமே, ஆன்ட்டி."

"முயல் கூடவா?"

"முயல் கூட."

"அது என்னம்மா பண்ணிச்சு?"

அடுத்து யானையை எடுத்தார். அதன் பெருமையை முழுக்க வாசித்து, இரண்டு கையாலும் வைத்தார். விட்டுவிடலாம் என்றுதான் நினைத்தேன், சத்தியமாக. அதற்குள் என் தடுக்கும் கார்டு மேஜைக்குப் போயிருந்தது.

"அது வரல, ஆன்ட்டி."

"நான்தான் இப்ப வெச்சேனே?"

"வெச்சீங்க. ஆனா வரல."

அப்புறம் புலி வரவில்லை. கரடி வரவில்லை. பிரவீன் மேஜைக்கடியில் என் காலை மிதித்தான். அங்கிள் சமையலறைப் பக்கம் இரண்டு தரம் பார்த்துவிட்டு, "சாப்பிடலாமா?" என்றார். "இருங்க. இவ என்னை ஒண்ணும் செய்யவிட மாட்டேங்கறா" என்றார் ஆன்ட்டி. கல்யாணம் இன்னும் முடிவாகாத வீட்டில் ஒருத்தியைப் பற்றிச் சொல்லக்கூடாத வாக்கியம் என்று ஒன்று உண்டென்றால் அது இதுதான்.

கடைசியில் ஒரே ஒரு குருவியை இறக்கி, முறைக்கு இரண்டு உயிராகக் கொத்திக் கொத்தி, பத்து முறை கொத்தி ஜெயித்தேன். ஆறின சாம்பாரை நான் மட்டும் ரொம்ப நல்லாயிருக்கு என்றேன். வீடு திரும்பும்போது பஸ்ஸில் ஜன்னல் பக்கம் திரும்பி அழுதேன். ஓர் ஆட்டத்தைத் தோற்கத் தெரியாமல் பிரவீனைத் தோற்றுவிட்டேனே.

நாலு நாள் அந்த வீட்டிலிருந்து ஒரு தகவலும் இல்லை. ஐந்தாம் நாள் ஆன்ட்டியே போன் செய்தார்.

"முதல்ல அந்த முயல ஏன் விட்ட?"

"சின்னதுக்கெல்லாம் செலவு பண்ணக் கூடாது, ஆன்ட்டி. பெருசு வரும்போது கையில இருக்கணும்."

"ம்" என்று வைத்துவிட்டார்.

அதற்கடுத்த வாரம் பெரியவர்கள் எங்கள் வீட்டுக்கே பேச வந்தார்கள். கோவிலம்பாக்கத்திலிருந்து பிரவீனின் பெரியப்பாவும் வந்திருந்தார். அந்தக் குடும்பத்தில் அவர் பேச்சுக்கு மறுபேச்சு இல்லை. மண்டபம் தன் வீட்டுப் பக்கம்தான் என்றார். சரி என்றார் ஆன்ட்டி. பத்திரிகையில் தன் பெயர் முதலில் வரவேண்டும் என்றார். சரி. ரசத்துக்குக்கூடத் தன் சமையல்காரர்தான் என்றார். அதற்கும் சரி.

"அப்புறம், கல்யாணத்துக்கப்புறம் பொண்ணு வேலைக்குப் போக வேணாம்" என்றார் பெரியப்பா.

ஆன்ட்டி காபி டம்ளரைக் கீழே வைத்தார். என்னைப் பார்க்கவே இல்லை.

"அது வரல, மாமா."

"நான்தான் இப்ப சொன்னேனே?"

"சொன்னீங்க. ஆனா வரல."

பெரியப்பா அங்கிளைப் பார்த்தார். அங்கிள் பஜ்ஜியைப் பார்த்தார். நான் உள்ளே ஓடிப்போய் பிரிட்ஜ் பக்கத்தில் நின்று அழுதேன். இந்த முறை சந்தோஷத்தில்.

கல்யாணமாகி ஆறு வருடம் ஆகிறது. எங்கள் வீட்டில் யார் எதற்கு அடம்பிடித்தாலும் "அது வரல" என்றால் பேச்சு முடிந்தது. என் கன்ட்ரோல் கட்டு இப்போது அத்தையாகிவிட்ட ஆன்ட்டியிடம். எனக்கு அந்த மிருகக் கட்டு. ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்குமுன் ஆடுகிறோம். நான் முயலை வைக்கிறேன், அத்தை அதை மட்டும் எதுவும் செய்வதில்லை. மற்ற எல்லாவற்றையும் அழிக்கிறார்.

"அது பாவம், என்ன பண்ணிச்சு?" என்கிறார்.