முகம் பார்க்காத முயல்காரர்

மனிதரில் 'காலடி நோக்கி' என்றோர் இனம் உண்டு. எதிரே வருபவரின் முகத்தை எட்டுமுன் இவருடைய பார்வை தரையில் இறங்கி, அவர் காலணியின் பக்கவாட்டில் தைத்திருக்கும் சின்னத்தைப் படித்து, அதன் பிறகே வணக்கம் சொல்வதா, வானத்தில் மேகம் இருக்கிறதா என்று ஆராய்வதா என முடிவு செய்யும். இவ்வினம் உலகெங்கும் பரவியிருப்பினும், மிகச் செழிப்பாக வளர்வது ஜெர்மனியில் எங்கள் பிராங்கோனியச் சிற்றூரில்தான்.

காரணம், வரலாறு. ஆற்றின் இடக்கரையில் முயல் சின்ன விளையாட்டுக் காலணித் தொழிற்சாலை. வலக்கரையில் மான் சின்னத் தொழிற்சாலை. ஆதியில் இருந்தது ஒன்றே. லோரென்ஸ், எகிட் என்ற பெரியப்பா, சித்தப்பா பிள்ளைகள் மதுவடிப்பகம் ஒன்றின் பின்கொட்டகையில் அமர்ந்து ஓட்டக்காரர்களுக்குக் காலணி தைத்தார்கள். இரண்டாம் உலகப் போர் முடிந்த சில ஆண்டுகளில் பிரிந்தார்கள். ஏன் பிரிந்தார்கள்? முயல் நிறுவனத்தின் பொன்விழா மலர் 'தொழில்நுட்பக் கருத்து வேறுபாடு' என்கிறது. அதே நிறுவனத்தின் வெள்ளிவிழா மலரோ, லோரென்ஸின் மனைவி பிசைந்த உருளைக்கிழங்கு உருண்டையை எகிட் குறை கூறியதாகக் கோடி காட்டுகிறது. மான் நிறுவனத்தின் மலரில் சண்டையே நடக்கவில்லை. எகிட் 'நல்ல காற்றை நாடி' மறுகரைக்குக் குடிபெயர்ந்தார். அந்த ஆறு ஒரு நாய் தாண்டிவிடும் அகலம்.

ஆவணங்கள் இவ்வாறு தடுமாறும் இடத்தில் தடுமாறாமல் நிற்பவரே நம் காலடி நோக்கி. இனத்தின் முழுமையான மாதிரியாக அலோயிஸ் அவர்களை எடுத்துக்கொள்வோம். முயல் தொழிற்சாலையில் தோல் வெட்டி ஓய்வு பெற்றவர். பிரிவினையின் உண்மைக் காரணம் தமக்கு மட்டுமே தெரியும் என்பார், கேட்டால் சொல்வார், மறுவாரம் கேட்டால் வேறொன்றைச் சொல்வார். முயல் அணிந்த ரொட்டிக்காரரிடமே ரொட்டி வாங்குவார். முயல் அணிந்த மருத்துவரிடமே பல்லைக் காட்டுவார். தேவாலயத்தில் அவருக்கு மிகவும் பிடித்த கட்டம் மண்டியிடும் நேரம். முன்வரிசைக்காரர்களின் காலணி அடிப்பாகம் முழுவதும் அப்போதுதானே கண்ணுக்குத் தெரிகிறது?

அவருடைய மனைவி பவுலாவின் தம்பி வெண்டலின் மான் தொழிற்சாலைக்காரர். அக்காளின் திருமணத்துக்கு மான் காலணியோடு வந்து நின்றார். அன்று முதல் முப்பது ஆண்டுகள் மைத்துனர் இருவரும் பேசவில்லை. பவுலாவின் இறுதிச் சடங்கில்கூட அலோயிஸ் பார்த்தது எதிர்ப்புறம் நின்ற இரண்டு மான்களை மட்டுமே.

பவுலா போனபின் அவருக்கு வாரத்தில் மிஞ்சியது ஞாயிற்றுக்கிழமைப் பிற்பகல் ஒன்றுதான். வால்புர்கா அம்மையாரின் விடுதியில், அடுப்போரத்து மேசையில், ரொட்டிக்காரர் கிலியானோடும் தேவாலயத்து ஆர்கன் வாசிப்பவர் புர்க்ஹார்டோடும் சீட்டாட்டம். எங்கள் ஊர் ஆட்டத்துக்கு நால்வர் வேண்டும். ஆட்டத்தை ஏற்பவர் ஓர் ஏஸைப் பெயர் சொல்லி அழைப்பார். அது யார் கையில் இருக்கிறதோ அவரே கூட்டாளி. அந்தச் சீட்டு மேசையில் விழும்வரை கூட்டாளி யாரென்று எவருக்கும் தெரியாது. ஒரு வசந்தத்தில் நான்காமவர் தம் மகளோடு ஹாம்பர்க் போய்விட்டார். வந்த மாற்று ஆட்களை எல்லாம் அலோயிஸ் காலைப் பார்த்தே திருப்பி அனுப்பினார்.

இலையுதிர் காலத்தில் வால்புர்கா அம்மையாரின் பொறுமை முடிந்தது.

"மூணு பேரும் பீரை வெச்சுக்கிட்டு அடுப்பையே மொறைச்சுட்டு உக்காந்திருக்கீங்க. இன்னிக்கு ஆள் வரலேன்னா மேசைய பாட்டுக் குழுப் பொம்பளைங்களுக்குக் குடுத்துடுவேன். ஆமா."

"குடுத்துருவியா? எங்க போறதாம் நான்?" என்றார் அலோயிஸ். குரல் இறங்கியிருந்தது.

அந்நேரம் கதவு திறந்தது. அலோயிஸின் பார்வை வழக்கம்போல் இறங்கியது. பளபளக்கும் புத்தம்புதிய முயல்கள்!

"வாய்யா, வா! இப்படி உக்காரு. ஆடத் தெரியுமில்ல?"

"கொஞ்சம் தெரியும்" என்றார் வந்தவர்.

கிலியானும் புர்க்ஹார்டும் வந்தவரின் முகத்தைப் பார்த்தார்கள். பிறகு ஒருவரையொருவர் பார்த்தார்கள். பிறகு மிகுந்த பக்தியோடு தத்தம் பீரைப் பார்த்தார்கள். ஆட்டம் வேண்டுமே! வந்தவர் வெண்டலின். காலையில் கெண்டைக் குளத்தில் வலை இழுக்கப் போய்ச் சேற்றில் விழுந்து, தம் மான்களை வீட்டு அடுப்பருகே காயவைத்துவிட்டு, மருமகனின் முயல்களை மாட்டிக்கொண்டு உடலைச் சூடேற்ற ஒரு குவளை குடிக்க வந்தவர்.

அலோயிஸ் சீட்டைக் கலைத்தபடியே தரையோடு பேசினார்.

"முயல்காரன்னா கைப்பிடியிலயே தெரியுது பாரு. மான்காரனுக்குக் கலைக்கக்கூட வராது. என் மச்சான் ஒருத்தன் இருக்கான், வெண்டலினு. சரியான கழுதை."

"அவ்வளவு மோசமா?"

"மூஞ்சியப் பாத்தே முப்பது வருஷமாச்சு."

"நல்ல மூஞ்சின்னு சொல்வாங்களே?"

"எவன்யா சொன்னான்?"

புர்க்ஹார்டுக்குப் பீர் புரையேறியது.

அலோயிஸ் ஆட்டத்தை ஏற்று, எங்கள் ஊர்ச் சீட்டுக்கட்டின் இலைச் சாதி ஏஸை அழைத்தார். ஆபத்தான ஆட்டம், கூட்டாளி இல்லாவிட்டால் கரை சேராது. மூன்றாம் சுற்றில் வந்தவரின் கையிலிருந்து அந்த ஏஸ் மேசைமேல் அறைந்து விழுந்தது.

"அட, என் ராசா!" என்று கூவி, கைகுலுக்கும் மகிழ்ச்சியில் அலோயிஸ் நிமிர்ந்தார். முப்பது ஆண்டுகளில் முதன்முறையாக நிமிர்ந்தார்.

எதிரே பவுலாவின் மூக்கு. சிரிப்பை அடக்கும்போது ஒரு பக்கம் சுளியும் பவுலாவின் வாய். முயல்களுக்கு மேலே, ஒரு மச்சான்.

அலோயிஸ் கையிலிருந்த சீட்டுகளைப் பார்த்தார். எழுந்து போகலாம், போனால் ஆட்டம் தோற்கும், மேசையும் போகும்.

"போடுங்க மச்சான்" என்றார் வெண்டலின். "சண்டைய அப்புறம் பாத்துக்கலாம்."

அலோயிஸ் போட்டார். வென்றார்கள்.

"அடுத்த ஞாயிறு என் சொந்த ஷூவோடதான் வருவேன். இது விரலைக் கடிக்குது."

"முயல் கடிக்காது! உன் கால் கோணல்." பிறகு அலோயிஸ் உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார்: "வால்புர்கா! இந்த மேசைக்குத் தரை வரைக்கும் ஒரு துணி போடேன். கால் சில்லிடுது."

அந்த விரிப்பு இன்றும் இருக்கிறது. ஜூலை மாத வெயிலிலும் இருக்கிறது. அதன் மேலே நால்வரும் சிரிக்கிறார்கள்; அதன் கீழே பிரிவினை அப்படியே நீடிக்கிறது.

இத்தகையவர் தங்கள் பக்கத்தில் எவருமில்லை என்கிறீர்களா? மகிழ்ச்சி. ஆயினும் ஒன்று. இடக்கரை, வலக்கரை என்று நான் சொல்லத் தொடங்கியதுமே, முயலையும் மானையும் கண்ணாலேயே காணாத தாங்கள், மனத்துக்குள் ஒரு கரையில் போய் நின்றுகொண்டீர்கள் அல்லவா? எந்தக் கரை என்று கேட்கமாட்டேன். கழுத்தை மட்டும் ஒருமுறை தடவிப் பாருங்கள், இலேசாகக் குனிந்திருக்கும்.