செய்முறைத் தேர்வில் ஒரு குடிநீர்க் குழாய்

மேகவர்ண நாடு என்றொரு நாடு உண்டு. வரைபடத்தில் தேடினால் கிடைக்காது. மக்களுக்கு அரசியல் புரியாததால்தான் சும்மா குறை சொல்லித் திரிகிறார்கள் என்று அந்நாட்டு மன்னர் கண்டுபிடித்தார். உடனே பத்தாம் வகுப்பில் அரசியல் பாடம் கட்டாயமானது. அதில் தோற்றால் எல்லாப் பாடத்திலும் தோற்ற மாதிரிதான். செய்முறை இல்லாத பாடம் பாடமே அல்ல என்று கல்வி அமைச்சர் முழங்க, வகுப்புக்கு வகுப்பு தேர்தல் நடத்தி மதிப்பெண் போடச் சொல்லி உத்தரவாயிற்று.

குழாய் ரிப்பேர் செய்யும் செங்கோடனின் மகள் யாழிசை எப்படியாவது பதினொன்றாம் வகுப்புக்குப் போயாக வேண்டும். இல்லையென்றால் படிப்புக்கு முழுக்கு என்று வீட்டில் சொல்லியாயிற்று. அந்தப் பள்ளியில் குடிக்கத் தண்ணீர் கிடையாது. "என்னைத் தலைவி ஆக்குனா குழாய் வரும்" என்று ஓட்டுக் கேட்டாள், ஜெயித்தாள். அதற்கப்புறம்தான் பாவம், தப்புச் செய்தாள். மறுநாளே அப்பாவைக் கூட்டிவந்து குழாயை மாட்டிவிட்டாள்.

தேர்வு அதிகாரி குழாயைத் திருகிப் பார்த்தார். முகம் சுண்டிவிட்டது.

"தண்ணி வருதே?"

"ஆமாங்க ஐயா."

"வந்துட்டா, அடுத்த தேர்தல்ல எதைச் சொல்லி ஓட்டுக் கேப்பே?"

யாழிசைக்கு மதிப்பெண் பூச்சியம். வாக்குறுதியை நிறைவேற்றுவது பாடத்திட்டத்திலேயே இல்லையாம். மற்ற பிள்ளைகளும் கெட்டுப்போகக் கூடாதென்று குழாயைக் கழற்றிச் செங்கோடன் கையில் கொடுத்துவிட்டு, பைப்பின் வாய்க்கு சீல் வைத்தார்கள். பள்ளிக்குத் தண்ணீர் பாட்டில் கொண்டுவருவது அரசின்மீது அவநம்பிக்கை காட்டும் குற்றம் என்று கூடவே ஒரு சட்டமும் வந்தது. பிள்ளைகள் நாக்கு வறண்டு உட்கார்ந்திருந்தார்கள். யாழிசை இரண்டு நாள் அழுதாள்.

மறுதேர்வு வந்தது. இந்தத் தடவை பத்துக் குழாய் என்றாள். ஜெயித்ததும் சுவரோரமாக ஓர் அடிக்கல் நாட்டி, அதில் தன் பெயரைக் கொட்டை எழுத்தில் எழுதிவைத்தாள். அதிகாரி தலையாட்டிக் குறித்துக்கொண்டார்.

பக்கத்து பெஞ்சுத் தோழி வள்ளிமயில் உதட்டை நக்கிக்கொண்டே வந்தாள்.

"பத்தெல்லாம் வேணாம்டி. கழட்டுன அந்த ஒண்ணையே மாட்டச் சொல்லேன். உங்கப்பாகிட்டதானே இருக்கு?"

யாழிசை அதிகாரியைத் திரும்பிப் பார்த்தாள். அதிகாரி பேனாவைத் திறந்தபடி அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அது போன ஆட்சியில நடந்த குளறுபடி. அதுக்கும் எனக்கும் சம்பந்தம் இல்ல."

போன ஆட்சியிலும் தலைவி யாழிசைதான் என்பது வகுப்பில் எல்லோருக்கும் தெரியும். அதிகாரி நூற்றுக்கு நூறு போட்டார். வள்ளிமயில் தன் நோட்டைப் பிரித்து, அந்தப் பதிலை ஒரு வார்த்தை விடாமல் எழுதிக்கொண்டாள்.