கண் கட்டிய இரண்டு யானைகள்

“ஏலாது” என்ற சொல்லை ஒருமுறைகூட வாயில் எடுக்காமல் ஐரோப்பாவில் வாழ்ந்து காட்டிய ஒரே தமிழர் எங்கள் மணவறை அண்ணைதான். இந்த நாட்டில் பல்வைத்தியருக்கு ஏலாது, வக்கீலுக்கு ஏலாது, அலுவலகத்தில் சந்திக்க ஒரு நேரம், டெர்மின், கேட்டால் அடுத்த மாசம் வரை ஏலாது. அண்ணைக்கு மட்டும் எல்லாம் ஏலும். மார்கழிப் பனியில் தாமரைப் பூ கேட்டாலும் “ஓம், பாப்பம்” என்பார். எங்கிருந்தோ தாமரை வரும். அது பிளாஸ்டிக் என்று கண்டுபிடிக்க மூன்று நாள் பிடிக்கும். அதற்குள் பொம்பிளையும் மாப்பிள்ளையும் முதல் சண்டையைப் போட்டு முடித்திருப்பார்கள்.

வுப்பர்டால் என்ற ஜேர்மன் நகரத்தில் தமிழ்க் கல்யாணங்களுக்கு மணவறை சோடித்து வாடகைக்குக் கொடுப்பது அவர் தொழில். பெற்றோர் வைத்த பெயர் அவருடைய தபால்பெட்டிக்கு மட்டும்தான் தெரியும். நான் வாரநாட்களில் அலுவலகங்கள் துப்புரவாக்குகிறவள். சனி ஞாயிறில் அந்த மணவறைக்கு மாலை கட்டுகிறவள்.

மணவறையின் இரு பக்கமும் நிற்க, ரெஜிபோம் நுரைப்பலகையில் வெட்டிச் சாம்பல் பூசிய இரண்டு யானைகள் வைத்திருந்தார். நெஞ்சளவு உயரம். பாரமே இல்லை. பெரிதாக ஒரு தும்மல் போட்டால் ஹொலண்ட் வரை பறக்கும். ஆனால் அண்ணை இரண்டு கையாலும் அணைத்து, மூச்சைப் பிடித்து, முனகிக்கொண்டுதான் தூக்குவார்.

“யானையை யானை மாதிரித் தூக்க வேணும் தங்கச்சி. இல்லாட்டில் அது தன்னைப் பொம்மை எண்டு நினைச்சுப்போடும்.”

எங்கள் வான் வண்டியில் முன் இருக்கை யானைக்குத்தான். பெல்ட்டும் போட்டுவிடுவார். நான் பின்னால், வாழைமரத்துக்கும் குத்துவிளக்குக்கும் நடுவில். ஒருநாள் பொலிஸ் மறித்தது.

“இது என்ன?”

“என்னோட வேலை செய்யிறவர்.”

“பின்னால இருக்கிற அம்மா?”

“அவ மாலை கட்டுறவ.”

பொலிஸ்காரர் யானையின் பெல்ட்டை இழுத்துப் பார்த்துத் திருப்திப்பட்டார். பெல்ட் போடாமல் இருந்த எனக்குத்தான் ஏச்சு விழுந்தது.

இன்னொருமுறை ஊன்ட்றொப்புக்கு ஒரு கல்யாணத்துக்குப் போகிற வழியில் ஓட்டோபான் நெடுஞ்சாலை முழுக்க வாகனம் அடைத்துப் போனது. எங்கள் வானுக்குப் பின்னாலேயே பொம்பிளை, மாப்பிள்ளை, ஐயர் எல்லாரும் வந்த பஸ். முகூர்த்தம் முடிய அரை மணித்தியாலம். ஐயர் பஞ்சாங்கத்தைப் பார்த்துப் பார்த்து வியர்த்தார். அண்ணை வானை ஓய்விடத்துக்குத் திருப்பினார். லொறிகளுக்கு நடுவில் கம்பளம் விரித்து, மணவறை கட்டி, தாலி ஏறியே விட்டது. போலந்து லொறிச் சாரதிகள் அட்சதை போட்டார்கள். “ஆரெண்டே தெரியாத ஆக்கள் அண்ணை” என்று நான் முணுமுணுத்தேன்.

“கம்பளம் விரிச்சாப் பிறகு ஆரின்ரை கால் எண்டு பாக்கக்கூடாது” என்றார்.

அவர் சொன்னவற்றில் எனக்கு மிகவும் பிடித்தது அதுதான். அந்த வாக்குக்கு ஒரு சோதனை வந்தது. அதைத்தான் சொல்ல வருகிறேன்.

அண்ணையின் கராஜுக்குப் பக்கத்தில் லேனா என்ற பெண் சைக்கிள் திருத்தும் கடை வைத்திருந்தாள். வுப்பர்டாலில் சைக்கிள் ஓடுவது காவடி எடுப்பதற்குச் சமம். ஏற்றம், இறக்கம், மழை. புத்தியுள்ளவர்கள் ஆற்றுக்கு மேலே தொங்கிப் போகும் ரெயிலில் ஏறி, தண்ணீரைப் பார்த்துக்கொண்டே கனவில் மிதப்பதுபோல் வீட்டுக்குப் போய்விடுவார்கள். லேனாவும் அவள் கட்டப்போகிற யோனாஸும் புத்தியைக் கேட்கிற ஆட்கள் இல்லை.

ஒருநாள் அவள் கராஜுக்கு வந்தாள். மணவறை என்பதுதான் அண்ணையின் பெயர் என்று நினைத்திருந்தாள்; முன்னால் மரியாதைக்கு ஒரு ‘ஹெர்’ வேறு. அவர்கள் ஜேர்மனில் கதைத்ததை எங்கள் தமிழில் தருகிறேன்.

“ஹெர் மணவறை, எங்கடை கலியாணத்துக்கு உங்கடை யானையள் வேணும். சேர்ச்சிலை இல்லை, ஓக் மரத்துக்குக் கீழை. நாங்கள் பழைய தெய்வங்களைக் கும்பிடுற ஆக்கள். சூரியன், மரம், நெருப்பு.”

“நெருப்பைச் சுத்துவியளோ?”

“இல்லை, மேலாலை பாய்வம்.”

அண்ணை என் பக்கம் திரும்பினார். “பாத்தியே தங்கச்சி, எங்கடை ஆக்கள்தான். என்ன, கொஞ்சம் அவசரக்காரர். நாங்கள் சுத்திப் போறதை இவை குறுக்காலை பாயினம்.”

“இன்னொண்டு. கலியாணத்தண்டைக்குத்தான் எங்கடை சைக்கிள் ஊர்வலமும். அது முடிய நேரா மரத்தடிக்கு வருவம். உடுப்பில்லாமல்.”

மாலை கட்டிக்கொண்டிருந்த என் விரலில் ஊசி ஏறியது. அண்ணை யோசித்தார்.

“சப்பாத்து?”

“சப்பாத்து போடுவம்.”

“அப்ப சரி. கல்லுக் குத்தும்.”

லேனா காரணத்தையும் சொன்னாள். முந்தின வருசம் ஒரு கார் அவளை இடித்துக் காறை எலும்பு உடைந்தது. “லொறிக்கும் காருக்கும் நடுவிலை நாங்கள் எப்பவும் அம்மணம்தான். அதை ஒருநாள் எல்லாரும் பாக்கட்டும் எண்டுதான்.” பிறகு குரல் தணிந்தது. “அப்பா வரமாட்டார். நாப்பது வருசம் லொறி ஓடினவர். சேர்ச்சும் இல்லை, உடுப்பும் இல்லை, அதோட தன்ரை லொறிக்கு எதிரா ஊர்வலம் எண்டு கோவம். அம்மா போனாப் பிறகு என்ரை பகுதியிலை வேற ஒருத்தரும் இல்லை.”

“அப்பாவுக்கு எப்பிடிச் சொன்னனீர்?”

“ஃபோனிலை மெசேஜ் போட்டன்.”

உடுப்பில்லாததற்கு அசையாத மனுசன் அப்போதுதான் நெஞ்சில் கை வைத்தார். “ஐயோ பிள்ளை! பெத்த தகப்பனுக்கு மெசேஜிலையோ கலியாணம் சொல்லுறது? என்ரை தகப்பனெண்டால், நேரிலை வந்து சொல்லாட்டில் பக்கத்து வீட்டுக் கலியாணத்துக்கே போகமாட்டார்!”

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அண்ணை பட்டு வேட்டி கட்டினார். வெள்ளித் தட்டத்தில் வெற்றிலை, வாழைப்பழம், குங்குமம், கற்கண்டு. என் கையில் பன்னீர்ச் செம்பு. லேனாவின் தகப்பன் ஹொர்ஸ்ட் என்ற அந்தப் பெரியவர் தன் வீட்டுக் கதவைத் திறந்ததும், அண்ணை ஒரு வார்த்தை பேசுமுன் செம்பை வாங்கி அவர் தலையில் பன்னீர் தெளித்தார். ஹொர்ஸ்ட் அண்ணாந்து வானத்தைப் பார்த்தார். வுப்பர்டால்காரர் அல்லவா, மழை என்று நினைத்திருப்பார்.

“உங்கடை மகளின்ரை கலியாணத்துக்கு உங்களை நேரிலை அழைக்க வந்தனாங்கள்.”

ஹொர்ஸ்ட் தட்டத்தையே பார்த்தபடி அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். சேர்ச்சைப் பற்றியோ லொறியைப் பற்றியோ ஒன்றும் சொல்லவில்லை.

“அவள் உடுப்பில்லாமல் வருவாள். தகப்பன் நான் எங்கை பாக்கிறது?”

“நீங்கள் ஒரு இடமும் பாக்க வேண்டாம். கண்ணை மூடிக்கொண்டு நில்லுங்கோ. திறக்கிற நேரத்தை நான் சொல்லுறன். மணவறையிலை ஏறேக்கை பிள்ளை போத்திக்கொண்டுதான் இருப்பாள். அது என்ரை பொறுப்பு.”

ஹொர்ஸ்ட் கதவைச் சாத்தினார். எனக்கு முகம் கறுத்தது. அண்ணையோ சிரித்துக்கொண்டு படி இறங்கினார்.

“தட்டம் உள்ளுக்கை போட்டுது தங்கச்சி. இனி மனுசன் வெளியிலை வரும்.”

ஆனால் லேனாவுக்கும் வாக்குக் கொடுத்தாயிற்று, ஊர்வலத்தில் ஒரு நூல்கூடப் போர்த்த மாட்டேன் என்று. இரண்டு வாக்கையும் எப்படிக் காப்பாற்றுவது? அண்ணை எங்கள் ஆட்களின் வீடு வீடாகப் போய்ப் பழைய பொன்னாடைகளைக் கேட்டு வாங்கினார். நம்மவர்களுக்குத்தான் மேடை என்று ஒன்று இருந்தால் போதுமே, பொன்னாடை போர்த்தாமல் இறங்க மாட்டார்கள். ஒவ்வொரு அலுமாரியிலும் பத்துப் பதினைந்து கிடந்தது. “இவ்வளவு காலமும் உடுப்புப் போட்டவைக்கே போத்தினம். ஒருநாளாவது தேவையான ஆளுக்குப் போத்துவம்” என்றார்.

அந்த நாள் விடிந்தபோது பள்ளத்தாக்கு முழுக்கப் பனிப்புகார். பழைய ரெயில் பாதையைத்தான் இப்போது சைக்கிள் பாதையாக்கி இருக்கிறார்கள். அது ஒரு நீண்ட குகைக்குள் நுழைந்து வெளியே வருகிற இடத்தில் ஒரு புல்வெளி, நடுவில் ஓக் மரம். அதன் கீழே எங்கள் சிவப்புத் தங்க மணவறை. லிண்டன் மரங்கள் பூத்து, காற்றிலேயே தேன் கரைத்தது போன்ற வாசம். பேசினால் கலைந்துவிடும் என்பதுபோல் எல்லோரும் மெல்லிய குரலிலேயே கதைத்தோம்.

நான் ஓக் இலையில் மாலை கட்டிக்கொண்டு நிமிர்ந்தேன். இரண்டு யானைகளுக்கும் பொன்னாடையால் கண் கட்டியிருந்தது.

“என்னண்ணை இது?”

“நாளைக்கு எங்கடை சனம் கேக்குமெல்லே. யானையள் ஒண்டும் காணேல்லை எண்டு சத்தியம் பண்ணலாம்.” சொல்லிக்கொண்டே தன் சட்டையையும் கழற்றி மரக்கொப்பில் போட்டார். “கோயிலுக்குள்ளை கழட்டுறம்தானே. ஊர்வலத்துக்கு இது என்ரை பங்கு.”

அப்போது புகாருக்குள்ளிருந்து கறுப்புக் கோட் போட்ட ஒருவர் வந்தார். ஹொர்ஸ்ட். யானைகளின் முன்னால் நின்றுவிட்டார்.

“ஏன் கண்ணைக் கட்டியிருக்கு?”

“அதுகளும் உங்களை மாதிரித்தான். கூச்சம்.”

அவருடைய மீசை ஒருபக்கம் மட்டும் அசைந்தது. சிரிப்பாகத்தான் இருக்க வேண்டும்.

முதலில் குகைக்குள்ளிருந்து மணிச் சத்தம் கேட்டது. ஒன்று, இரண்டு, பிறகு நூறு சைக்கிள் மணிகள், கோயில் மணியும் ஆட்டுமந்தை மணியும் கலந்ததுபோல. பின்பு இருட்டிலிருந்து ஒவ்வொருவராக வெளிச்சத்துக்கு வந்தார்கள். வெள்ளை, சிவப்பு, மண்ணிறம், கிழவர், தொப்பைக்காரர், முதுகில் வெட்டுத் தழும்புள்ள ஒரு மாமி. குனிந்த தலை நிமிரக் கூடாது என்றுதான் நினைத்திருந்தேன். நிமிர்ந்துவிட்டேன். வெட்கம் வரவில்லை. புகாருக்குள் அவர்கள் அப்போதுதான் பிறந்து, அப்போதே சைக்கிள் ஓடப் பழகியவர்கள் மாதிரி இருந்தார்கள்.

ஹொர்ஸ்ட் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு எதிர்ப்பக்கம் திரும்பினார். “என்னாலை ஏலாது” என்றார். கால் புறப்பட்டுவிட்டது.

அண்ணை அவருடைய கையைப் பிடித்தார்.

“அதுக்கென்ன. ஒரு பக்கம் நான் பிடிக்கிறன். நீங்கள் நடவுங்கோ, அது போதும்.”

சிவப்புப் பொன்னாடை ஒன்றை விரித்து ஹொர்ஸ்டின் இரு கையிலும் கொடுத்தார். கண்ணை மூடிய பெரியவர், கைகளை அகல விரித்தபடி, புல்லில் தடவித் தடவி நடந்தார். முழங்கையில் அண்ணையின் கை. மணிகள் ஒவ்வொன்றாக நின்றன. லேனா தகப்பனைக் கண்டாள். சைக்கிளைப் புல்லில் சரித்துவிட்டு வந்து, முதுகைத் திருப்பி, அந்தத் துணிக்குள் நின்றாள்.

ஹொர்ஸ்ட் அவளைச் சுற்றிப் போர்த்தினார். தலைப்பு இரண்டையும் கழுத்தடியில் இறுக்கிச் செருகினார். பிறகு, குளிப்பாட்டி எடுத்த சின்னப் பிள்ளைக்குச் செய்வதுபோல், இரண்டு தோளையும் உள்ளங்கையால் தேய்த்துவிட்டார்.

“குளிர்ந்துபோனாய்.”

“ஓம் அப்பா.”

கண்ணைத் திறக்கச் சொல்வதாக அண்ணை வாக்குக் கொடுத்திருந்தாரே, அதை மறந்துபோனார். அவர் தன் கண்ணைத் துடைத்துக்கொண்டு நின்றார். “திறவுங்கோ” என்று நான்தான் சொன்னேன்.

பிறகென்ன, எல்லோர் நெற்றியிலும் சந்தனம், கையில் கற்கண்டு, தோளில் பொன்னாடை. புல்வெளி முழுக்கப் பாராட்டு விழாப் போல ஆகிவிட்டது. யாராவது மைக்கைப் பிடித்து “இரண்டே வார்த்தைகள்” என்று தொடங்கிவிடுவார்களோ என்று பயந்தேன். லேனா, யோனாஸ் இரண்டு பேருடைய கையையும் சேர்த்துக் கயிற்றால் கட்டினார்கள். நெருப்புக்கு மேலால் பாயும்போது அண்ணை பின்னால் ஓடி ஓடி “பொன்னாடை! பொன்னாடை! நெருப்புப் பத்தும்!” என்று கத்தினார். அது மந்திரம் என்று நினைத்து அவர்களும் கூடவே சொன்னார்கள். ஹொர்ஸ்ட்தான் எல்லோரிலும் பலமாகச் சொன்னார்.

இது நடந்து சில வருசமாகிறது. போன கிழமை அண்ணையிடமிருந்து அழைப்பு வந்தது. சனிக்கிழமை கல்யாணம் ஒன்று இருந்தது.

“தங்கச்சி, கொஞ்சம் வெள்ளெனவா வாறியே? முழங்கால் சரியில்லை. யானை தூக்க ஏலாமல் கிடக்கு.”

அந்த வாயிலிருந்து அந்தச் சொல்லை நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

“அதுக்கென்ன அண்ணை” என்றேன். “ஒரு பக்கம் நான் பிடிக்கிறன்.”

கராஜிலிருந்து வான் வரை எண்ணினால் பத்து அடிதான். அவர் தும்பிக்கைப் பக்கம், நான் வால் பக்கம். இரண்டு பேரும் மூச்சைப் பிடித்தோம், முனகினோம், இடையில் ஒருமுறை இறக்கி வைத்து இளைப்பாறினோம். அந்த யானைக்குப் பாரமே இல்லை என்பது இரண்டு பேருக்கும் தெரியும்.