காவடி எடுப்பதாகச் சொன்ன மாத்திரை

நான் காவடி எடுக்கப்போகிறேன் என்பது, பொழுது விடியுமுன் தோட்டத்தில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில்தான் எனக்கே தெரியவந்தது. சொன்னவர், வேலையாட்களை மேற்பார்க்கும் மண்டோர் முனியாண்டி. முருகன் கோயில் தலைவரும் அவரே.

"சின்னக் கிராணி, அலகுக் காவடி! நேத்து என்னா பேச்சு! எனக்குக் கண்ணு கலங்கிருச்சுலா."

(எனக்கும் கலங்கியது. காரணம் வேறு.)

எண்பதுகளின் நடுவில், மலேசியாவில் கோலா சிலாங்கூர் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் கணக்கெழுதும் இளைய கிராணியாக இருந்தேன். வயது இருபத்து நான்கு. அந்த வருடம் தூக்கம் போய்விட்டது. ஒன்பது மணிக்கு, வீடுகள் வரிசையாக ஒட்டி நின்ற எங்கள் லயமே குறட்டை விடும். எது யாருடைய குறட்டை என்று பிரித்துச் சொல்லும் அளவுக்கு நான் விழித்துக் கிடந்தேன். இடப்பக்கம் புரண்டால் கட்டில் முனகும், வலப்பக்கம் புரண்டால் அம்மா "என்னடா?" என்பார். பெரட்டில் ஒரே ஆளை இரண்டு முறை கூப்பிட்ட பிறகு, டவுன் கிளினிக்குக்குப் போனேன்.

டாக்டர் பத்து மாத்திரை கொடுத்தார். "ஒன்னுதான். படுக்கும்போது போடணும், போட்டதும் படுத்திரணும். தண்ணி போடக்கூடாது. வேற யாருக்கும் குடுக்கக்கூடாது."

எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். வீட்டில் மாத்திரையைப் பிஸ்கட் டின்னில் ஒளித்தேன். எங்கள் தோட்டத்தில் தூக்க மாத்திரை என்றால் ஒரே பொருள்தான்: காதல் தோல்வி.

மூன்றாம் நாள் என் மூளை வேலை செய்தது. உளுந்தே ஊற நேரம் கேட்கிறது, மாத்திரை கேட்காதா? ஒன்பது மணித் தூக்கத்துக்கு ஆறரைக்கே போட்டுக்கொண்டேன். ஏழு மணிக்குக் கோயில் கூட்டம். அங்கே போய் உட்கார்ந்தது வரை நினைவிருக்கிறது.

மீதி, நேரில் கண்டவர்கள் சொன்னது. நானே எழுந்துபோய் மைக்கைப் பிடித்தேனாம். கால் மணி நேரம் பேசினேனாம். இளைஞர்களுக்குப் பக்தி போதாது என்று கடிந்துகொண்டேனாம். முதுகில் நூற்றெட்டுக் கொக்கி, கன்னத்தில் அலகு என்று விவரமாக அறிவித்தேனாம். ஒலிபெருக்கி கித்தா மரங்களைத் தாண்டி அடுத்த டிவிஷன் வரை கேட்டிருக்கிறது. (காய்ச்சல் ஊசிக்கே கண்ணை மூடிக்கொள்கிறவன் நான்.)

இனி இரண்டே வழி. கன்னத்தைக் கொடுக்க வேண்டும், இல்லை மாத்திரையைச் சொல்ல வேண்டும். அன்று முழுவதும் இருப்புக் கொள்ளவில்லை. நாக்கால் கன்னத்தை உள்ளிருந்து தடவிப் பார்த்துக்கொண்டே இருந்தேன். சாயங்காலம் மண்டோரிடம் உண்மையைச் சொல்லிவிட்டேன்.

"யாருகிட்டயும் மூச்சு விடமாட்டேன் தம்பி," என்றார்.

நான் வீடு போய்ச் சேர்வதற்குள் அம்மா அழுதுகொண்டிருந்தார். "எந்தப் பொண்ணுடா?"

"பொண்ணே இல்லம்மா. தூக்கம் வரல, அவ்வளவுதான்."

"பொண்ணு இல்லாம எப்படிடா தூக்கம் வராம போகும்?"

மறுநாள், பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக் கொட்டகைச் சரோஜா ஆபீஸ் வாசலில் வந்து நின்றாள். "என் பேரையும் சேத்துச் சொல்றாங்க. நான் ஒங்கள நிமிந்துகூடப் பாத்ததில்லயே, அண்ணே!"

அந்த 'அண்ணே' எந்த அலகையும்விட ஆழமாக இறங்கியது.

மானம்தான் போனது, காவடியாவது போனதா? கோயில் பூசாரியிடம் போய்க் கேட்டேன். "வாக்கு மாத்திரையோடதுதான். ஆனா வாய் ஒன்னோடதாச்சே?" கெஞ்சியதில் கொக்கியும் அலகும் தள்ளுபடியாயின. காவடி மட்டும் தள்ளுபடியாகவில்லை.

கிளினிக்கில் டாக்டர் சிரித்து ஓய்ந்து, கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார். "போட்டதும் படுன்னேன். மைக்கப் புடின்னா சொன்னேன்? ஆமா, ஒரு நாளைக்கு எத்தன கோப்பி குடிக்கிற?"

முதல் தடவை இரண்டு என்று சொல்லியிருந்தேன். இப்போது எட்டு என்று ஒப்புக்கொண்டேன். அவர் சிரிப்பை நிறுத்திவிட்டார். மதியத்துக்குப் பிறகு கோப்பி இல்லை என்ற உத்தரவோடு வெளியே வந்தேன். மாத்திரை அத்தோடு நின்றது.

திருவிழாவில் காவடி எடுத்தேன். பின்னால் வந்த பெண்கள் முருகனைப் பார்க்கவில்லை. எந்தப் பெண் கண் கலங்குகிறாள் என்று கூட்டத்தைத் துழாவினார்கள். கலங்கியவர் ஒருவர்தான். மண்டோர்.

இன்றும் சாயங்காலத்தில் நான் எதற்காவது ஒப்புக்கொண்டால், "போட்டுட்டுச் சொல்றீங்களா, போடாம சொல்றீங்களா?" என்று மனைவி கேட்பாள். பேரப்பிள்ளைகள் வரை இந்தக் கேள்வி பரவிவிட்டது. எண்பது தாண்டிய அம்மா மட்டும் சிரிப்பதில்லை. மருமகள் அடுப்படிக்குப் போகும்வரை காத்திருந்து, என் பக்கம் குனிவார்.

"இப்பவாச்சும் சொல்லுடா. எந்தப் பொண்ணு?"