குழந்தைக்காகவே வாழும் வக்கீல்

வக்கீல்களில் எத்தனையோ ரகம் உண்டு. அதில் குழந்தையின் நலனுக்காக மட்டுமே மூச்சு விடுகிற ஒரு ரகத்தை நீங்கள் பார்க்காமல் இருந்திருக்க முடியாது. தாயோ தகப்பனோ குழந்தையைத் தூக்கிக்கொண்டு விமானம் ஏறி வேறு தேசத்தில் இறங்கினால், இறங்கின இடத்தில் இவர் நிற்பார். தூக்கி வந்தவருக்காக வாதாடினால், "மூணே மாசத்துல குழந்தை இங்க வேர் விட்டிருச்சு" என்பார். திருப்பிக் கேட்பவருக்காக வாதாடினால், அதே மூன்று மாதம் வெறும் சுற்றுலாவாகிவிடும். இரண்டுக்கும் குரல் தழுதழுக்கும். தழுதழுப்பில் மட்டும் யாரும் குறை சொல்ல முடியாது.

அன்று நம்மவர் அம்மா கட்சி. அந்த அம்மா, கணவரிடம் சொல்லாமல் பிள்ளையோடு இந்த நாட்டுக்கு வந்துவிட்டவள். தீர்ப்பு தப்பினால் பிள்ளை இந்த வாரமே தகப்பனிடம் பறக்க வேண்டும். பாவம், கடிக்க நகம்கூட மிச்சமில்லாமல் பெஞ்சு நுனியில் உட்கார்ந்திருந்தாள்.

நம்மவர் எழுந்தார். அங்கியை உதறினார். "மைனர் எங்க தூங்குது, எங்க சாப்பிடுது, அது யாரைப் பாத்துச் சிரிக்குது..." என்று பொழிந்த பொழிவில் தனக்கே கண் கலங்கி, இன்றைக்கு அருமையாக வருகிறதே என்று உள்ளூரப் பூரித்துக்கொண்டிருந்தபோது, நீதிபதி அம்மா பேனாவைக் கீழே வைத்தார்.

"அது அதுன்றீங்களே வக்கீல் சார், பையனா, பொண்ணா?"

நம்மவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. கேஸ் கட்டைப் புரட்டினார். மைனர், மைனர், எங்கு பார்த்தாலும் மைனர். எதிர்க்கட்சி வக்கீலைப் பார்த்தார். அவரும் மும்முரமாகப் புரட்டிக்கொண்டிருந்தார்.

"பொண்ணுங்க" என்றது பின்பெஞ்சில் அம்மாவின் தங்கை பக்கத்திலிருந்து ஒரு சின்னக் குரல். "நான்தான்."

"இங்க வாம்மா. இங்க இருக்கணுமா, அங்க போகணுமான்னு உன்ன யாராச்சும் கேட்டாங்களா?"

"யாரும் கேக்கலீங்க."

நீதிபதி அவளைத் தன் அறைக்கு அழைத்துப் போனார். கதவு சாத்திக்கொண்டது.

"பாத்தீங்களாம்மா, நம்ம வாதத்தோட பலம்! குழந்தையையே பேச வெச்சிட்டோம்" என்றார் நம்மவர், வெட்கம் துளியும் இல்லாமல். தானும் கேட்டதில்லை என்பது அம்மாவுக்கு அப்போதுதான் உறைத்தது.

நான் வக்கீல் இல்லையப்பா என்று நிம்மதியாகச் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். போன சண்டையில் "எல்லாம் புள்ளைக்காகத்தான் பொறுத்துக்கிறேன்" என்று நீங்கள் வாதாடிக்கொண்டிருந்தபோது, பக்கத்து அறையில் டிவி சத்தம் திடீரென்று குறைந்ததே, கவனித்தீர்களா?