நூற்றுக்கு நூறு படித்த சேர்மன்

ஒரு புத்தகத்தில் ஒரு வரிகூடப் படிக்காமல் அதை முழுசாகப் படித்து முடித்த மனிதர் யாரையாவது உங்களுக்குத் தெரியுமா? எங்கள் ஹோ ஊரில் ஒருவர் இருக்கிறார். பெயர் செனானு. ட்ரோட்ரோ என்கிற பயணி வேன்கள் நிற்கிற ஸ்டேஷனில் ஆள் ஏற்றிவிடுகிற வேலை. "அக்ரா! அக்ரா! அக்ரா!" என்று அவர் ஒரு கூவல் போட்டால், கடலோரத்துக் கேட்டா ஊருக்குப் போக வந்தவர்கூடக் குழம்பிப்போய்த் தலைநகருக்குப் போகிற அந்த அக்ரா வண்டியில் ஏறி உட்கார்ந்துவிடுவார். அப்படிப்பட்ட தொண்டை.

தொண்டை இருந்து என்ன செய்ய? நாற்காலி இல்லையே. அதுதான் அவருடைய தீராத வருத்தம்.

எங்கள் பக்கத்தில் சேர்மன் இல்லாமல் ஒரு காரியமும் நடக்காது. பள்ளிக்கூட விழாவா, சாவு வீடா, தேவாலயத்துக்குப் புது மத்தளம் வந்திருக்கிறதா, எதற்கும் ஒரு சேர்மன் வேண்டும். பந்தலுக்கு நடுவில் வெள்ளைத் துணி விரித்த மேசை, மேசைமேல் தண்ணீர் பாட்டில், பின்னால் பெரிய நாற்காலி. பேச வருகிற ஒவ்வொருவரும் முதலில் "சேர்மன் அவர்களே" என்று குனிந்துவிட்டுத்தான் மற்றதைப் பேசவேண்டும். பக்கத்து வீட்டு டோட்சே இதுவரை நான்கு தடவை சேர்மன் ஆகிவிட்டார். கோழிக்குத் தீனி போடும்போதுகூட அவர் முகத்தில் அந்தக் களை இருக்கும். செனானு ஒரு தடவைகூட ஆனதில்லை.

அப்படி இருக்கும்போதுதான் ஒரு ஞாயிற்றுக்கிழமை, தேவாலயம் விட்டதும், பள்ளிக்கூடத்துத் தலைமை ஆசிரியை மேடம் அமேவோர் வீட்டுக்கு வந்தார். கையில் துணிப்பை. பைக்குள் இரண்டு பலகை. ஒன்று பெரியது, பளபளவென்று கலர் கலராக எரிந்தது. இன்னொன்று சின்னது, சாம்பல் நிறம், வெளிச்சமே இல்லாமல் காகிதம் மாதிரி மங்கிக் கிடந்தது.

"இதெல்லாம் புத்தகம் படிக்கிற மெஷின்" என்றார் மேடம். "பள்ளிக்கூடத்துக்கு நாப்பது தர்றேங்கிறாங்க. ரெண்டுல எந்த மாதிரி வேணும்னு நாமதான் சொல்லணும். ரெண்டுலயும் ஒரே நாவலை ஏத்தியிருக்கேன். படிக்கிற பழக்கம் இருக்கறவங்க யாராவது ஒரு வாரம் வெச்சுப் பார்த்து, எது நம்ம பிள்ளைங்களுக்குப் பொருந்தும்னு சனிக்கிழமை வாசிப்பு விழாவுல வந்து சொல்லணும். நாவல்ல வர்ற கதையையும் சொல்லணும். அன்னைக்கு அவங்கதான் சேர்மன். எதைத் தேர்ந்தெடுக்கிறாங்களோ அது அவங்க வீட்டுக்கே சொந்தம்."

சொல்லிக்கொண்டே மேடம் யாய்ராவின் பக்கம் திரும்பினார். யாய்ரா செனானுவின் மனைவி. நாலு மாதக் குழந்தை எடெமை மடியில் போட்டுப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். பால் டப்பாவில் அச்சடித்திருப்பதைக்கூட ஒரு மொழி விடாமல் படித்துப் பார்க்கிறவள் அவள். மேடம் யாரைத் தேடி வந்தார் என்று எனக்கும் உங்களுக்கும் புரிகிறது.

"சேர்மன்" என்ற சொல்லுக்குப் பிறகு செனானுவின் காதில் எதுவும் விழவில்லை.

"நான் இருக்கேன் மேடம்!" ஸ்டேஷன் குரல். எடெம் பாலை விட்டுவிட்டு அலறினான்.

மேடம் யாய்ராவைப் பார்த்தார். யாய்ரா குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே, "அவரே இருக்கட்டும் மேடம்" என்று சிரித்தாள்.

மேடம் போன பிறகு கேட்டாள்: "கடைசியா என்னங்க படிச்சீங்க?"

"ஏன், வண்டி நம்பர் படிக்கலையா? தினம் முப்பது நம்பர் படிக்கிறேன்."

"சரிதான். அதுல கதை எப்படிப் போகுது?"

செனானு சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டார். சேர்மன்கள் எல்லாக் கேள்விக்கும் பதில் சொல்வதில்லை.

முடிவை அவர் அப்போதே எடுத்துவிட்டார். பளபளாதான். அதில் பந்தாட்டம் பார்க்கலாம். சாம்பலில் என்ன தெரிகிறது? எழுத்துதான் தெரிகிறது.

"இது வேணாம், அழுக்குச் சிலேட்டு மாதிரி இருக்கு."

"ரெண்டையும் வெச்சுப் பார்க்கச் சொன்னாங்களே."

"பார்க்கறேனே. பளபளா என்கூட ஸ்டேஷனுக்கு வரட்டும். சாம்பல் வீட்டுல இருக்கட்டும். சாயங்காலம் வந்து பார்த்துக்கறேன்."

"ரொம்ப நல்லதுங்க" என்றாள் யாய்ரா. அவள் அவ்வளவு சுலபமாக ஒத்துக்கொண்டபோதே அவர் சுதாரித்திருக்க வேண்டும்.

திங்கட்கிழமை ஸ்டேஷனில் பளபளா எட்டு மணிக்கு உயிரோடு இருந்தது. பத்தரைக்கு உயிர் விட்டது. கரண்ட் இல்லை. முடி பின்னுகிற கடையில் ஜெனரேட்டர் ஓடும், அங்கே கொண்டுபோய்ச் செருகி ஒரு மணி நேரம் காத்திருந்து எடுத்து வந்தார். வெயிலில் வந்து திறந்தால் பந்தும் தெரியவில்லை, ஆட்டமும் தெரியவில்லை. அவருடைய மூக்குதான் தெரிந்தது.

வண்டிக்குக் காத்திருந்த ஒரு மீன்காரம்மா எட்டிப் பார்த்தாள். "தம்பி, கண்ணாடி புதுசா? கொஞ்சம் குடு, தலைத்துணி சரியா இருக்கான்னு பார்த்துக்கறேன்."

சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் வாசலில் நாற்காலி போட்டு, டோட்சே போகிற நேரம் பார்த்து, சாம்பல் மெஷினை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டார். பிடித்த இரண்டாவது நிமிடம் தூங்கிப்போனார். விழித்துப் பார்த்தால் கீழே மூலையில் சின்னதாக ஒரு எண். பதினாலு சதவீதம்.

"யாய்ரா! பதினாலுன்னு போட்டிருக்கு. என்னது இது?"

"புத்தகத்துல எவ்வளவு படிச்சாச்சுன்னு காட்டுதுங்க."

"நான் எங்க படிச்சேன்?"

"இவ்வளவு நேரம் அதைத்தானே பிடிச்சிட்டிருந்தீங்க?"

செனானு யோசித்தார். வண்டி ஸ்டேஷனில் இருபது வருஷம் இருந்தவரின் மூளை சும்மா இருக்குமா? வாடகைக் காரில் ஏறி உட்கார்ந்தால் மீட்டர் ஓடுகிறது. நாம் ஜன்னல் வழியே பார்த்தாலும் ஓடும், தூங்கினாலும் ஓடும். இதுவும் அப்படித்தான்! எவ்வளவு நேரம் பிடிக்கிறோமோ அவ்வளவு படித்ததாகக் கணக்கு.

"மீட்டர் வெச்ச புத்தகம்டி!" என்றார் பூரிப்போடு.

யாய்ரா மெஷினை வாங்கித் துடைத்தாள். "நாளைக்கு இன்னும் ஏறும் பாருங்க" என்று மட்டும் சொன்னாள்.

ஏறியது. செவ்வாய் சாயங்காலம் முப்பத்தி மூன்று. புதன் சாயங்காலம் ஐம்பத்தி எட்டு. எடெமுக்கு ஒரு நாளைக்கு ஏழு தடவை பால். ஒவ்வொரு தடவையும் ஒரு கை குழந்தைக்கு, இன்னொரு கை சும்மா. அந்தச் சும்மா கையில் பகல் முழுக்க என்ன இருந்தது என்று செனானு கேட்கவேயில்லை.

"எழுத்து நேத்தைவிடப் பெருசா இருக்கே?" என்று மட்டும் ஒருநாள் கேட்டார்.

"உங்க கண்ணைப் பார்த்து இரக்கப்பட்டிருக்குங்க."

"இதுக்கு ஏன் சார்ஜே இறங்கலை?"

"பந்து விளையாடாம ஒரு இடத்துல உக்கார்ந்து படிக்குதுல்ல, அதான்."

வியாழக்கிழமை டோட்சேயை வழிமறித்து நிறுத்தினார். "அண்ணே, இங்க பாருங்க. எண்பத்தி நாலு!"

டோட்சே கண்ணாடியை இறக்கிப் பார்த்தார். "நெசமாவா தம்பி? முன்னூறு பக்கமாச்சே! நான் இதைக் காகிதத்துல படிக்க மூணு மாசம் ஆச்சு. சரி சரி, சனிக்கிழமை வர்றேன். அந்தக் கடைசி அத்தியாயத்தைப் பத்திக் கேக்கறதுக்கு என்கிட்ட ஒரு கேள்வி இருக்கு."

செனானு அந்த எண்ணை இன்னொரு தடவை பார்த்தார். மீட்டர் இருக்கிறதே என்று தைரியப்படுத்திக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை நாலு மணி. நூறு சதவீதம். சாம்பலைத் தூக்கிக்கொண்டு மேடம் வீட்டுக்கே ஓடினார்.

"முடிச்சிட்டேன் மேடம்!"

மேடம் வாங்கி எங்கேயோ தொட்டார். ஒரு பட்டியல் வந்தது. "அடேயப்பா, குறிப்பெல்லாம் எழுதி வெச்சிருக்கீங்களே!"

குறிப்பா? செனானு எட்டிப் பார்த்தார்.

மேடம் படித்தார்: "'வெயிலில் நன்றாகத் தெரிகிறது. ஒரு கையால் பிடிக்கலாம். ஐந்து நாளாகச் சார்ஜ் போடவில்லை. பிள்ளைகளுக்கு இதுதான் சரி.' ரொம்ப சரி. அடுத்தது, 'குழந்தை முழித்துவிட்டான், மிச்சம் அப்புறம்.' ம்ம். இது நாப்பத்தொன்பதாம் பக்கத்துல: 'இவனைப் பார்த்தால் என் வீட்டுக்காரர் ஞாபகம் வருகிறது.'" மேடம் நிமிர்ந்தார். "மிஸ்டர் செனானு, உங்களுக்கு வீட்டுக்காரர் இருக்காரா?"

"அது... கதையில வர்ற பொண்ணோட மனசுக்குள்ள புகுந்து எழுதினது மேடம்."

"ரொம்ப ஆழமாத்தான் புகுந்திருக்கீங்க" என்றார் மேடம். முகத்தில் ஒரு சுருக்கம் விழவில்லை. "நாளைக்குப் பத்து மணிக்கு. நீங்கதான் சேர்மன். பிள்ளைங்க நிறையக் கேப்பாங்க."

திரும்பி வந்த வேகத்தில் வாசல் கோழிகள் சிதறின.

"அடியே! என் புத்தகத்தை நீ படிச்சிட்டியா?"

யாய்ரா வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். "உங்க புத்தகமா? சதவீதம்தாங்க உங்களுது. புத்தகம் என்னுது."

"இப்ப நான் என்ன பண்ணுவேன்? டோட்சே வேற கேள்வி வெச்சிருக்கார். ஊரே சிரிக்கும். ஸ்டேஷன்ல என்னை எவன் மதிப்பான்? யாய்ரா, கண்ணு, கதையைச் சொல்லிடும்மா."

"அக்பிளே கிண்டணுமே."

கிண்டினார். மக்காச்சோள மாவுக் களி கிண்டுவது லேசான வேலையில்லை. துடுப்பு அளவு கரண்டி. தோள்பட்டை கழன்றுவிடும் போலிருந்தது. அவர் கிண்டக் கிண்ட அவள் கதை சொன்னாள். வோல்டா ஏரியில் படகு விடுகிற ஒரு பெண். படகு ஓட்டுவது அவள். ஓட்டுவது தான்தான் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிவது அவள் புருஷன். ஊர்த்தலைவர் அதை நம்பி, தன்னை அவன் ஒருத்தனே அக்கரையில் கொண்டுபோய் விடவேண்டும் என்கிறார். காற்று வீசுகிற நாள். நடு ஏரி. அவன் கையில் துடுப்பு. இரண்டு சுற்றுச் சுற்றிப் படகு அப்படியே நிற்கிறது.

செனானுவின் கரண்டியும் நின்றது. "அப்புறம்? அவ என்ன பண்ணினா?"

"அதை நாளைக்குச் சொல்றேன்."

"நாளைக்கா!"

"மேடையில நீங்க 'சாம்பல்'னு சொன்னதும் நான் முன்வரிசையில இருந்து வந்து காதுல சொல்றேன். 'பளபளா'ன்னு சொன்னீங்கன்னா, முடிவை நீங்களே யோசிச்சுக்குங்க."

"என் மேல நம்பிக்கை இல்லையா?"

"பந்தாட்டம்னு வந்துட்டா உங்க மேல எனக்கு என்னைக்குங்க நம்பிக்கை இருந்துச்சு?"

சனிக்கிழமை. பந்தல், வெள்ளைத் துணி, தண்ணீர் பாட்டில், பெரிய நாற்காலி. செனானு உட்கார்ந்தார். ஆஹா! ஆறாம் வகுப்புப் பெண் ஒருத்தி மைக்கில் "சேர்மன் அவர்களே" என்று குனிந்தபோது அவர் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. அப்புறம் எழுந்து கதையைச் சொன்னார் பாருங்கள்! அந்தத் தொண்டை எதற்காகப் படைக்கப்பட்டதோ அதற்கு அன்றுதான் பயன்பட்டது. காற்று என்றார், பந்தல் ஆடியது. படகு சுற்றியது என்றார், பிள்ளைகள் பெஞ்சைப் பிடித்துக்கொண்டார்கள்.

"படகு நின்னுடுச்சு!" என்றார். அவரும் நின்றுவிட்டார்.

முன்வரிசையைப் பார்த்தார். யாய்ரா எடெமை மடியில் வைத்துக்கொண்டு, மேசையின் மேல் கிடந்த சாம்பலைக் கண்ணால் காட்டினாள். பக்கத்தில் பளபளா மின்னியது. இன்றைக்கு மத்தியானம் பெரிய ஆட்டம் வேறு. செனானுவின் கை அதை நோக்கிப் போனது. தூக்கிக்கூட விட்டார். பந்தலின் ஓட்டை வழியாக வெயில் நேரே அதன்மேல் விழுந்தது. பிள்ளைகளுக்குத் தெரிந்ததெல்லாம் கூரைத் துணியும் சேர்மனின் மூக்கும்தான். ஒரே சிரிப்பு.

டோட்சே எழுந்தார். "சேர்மன் அவர்களே, அந்தக் கடைசி அத்தியாயத்துல..."

"சாம்பல்!" என்று கத்தினார் செனானு. "பள்ளிக்கூடத்துக்குச் சாம்பல்தான்! வெயில்ல தெரியும், ஒரு கையால பிடிக்கலாம், அஞ்சு நாள் சார்ஜ் வேணாம்! அக்ரா... சாம்பல்! சாம்பல்! சாம்பல்!"

கைதட்டல். மேடம் எழுதிக்கொண்டார். நாற்பதும் சாம்பல். யாய்ரா எழுந்து மேடைக்கு வந்தாள். செனானு ஆவலாகக் காதை நீட்டினார். அவளோ காதில் ஒன்றும் சொல்லவில்லை. அவர் கையில் எடெமை வைத்துவிட்டு மைக்கை எடுத்துக்கொண்டாள்.

"அவ கரையில நின்னு பார்த்துக்கிட்டிருந்தா. வேற படகு இல்லை. நீந்தியே போய் ஏறினா. புருஷனைத் திட்டலை. தலைவரையும் ஒண்ணும் சொல்லலை. துடுப்பை மட்டும் வாங்கிக்கிட்டா."

டோட்சே தன் கேள்வியைக் கேட்டார். அவள் பதில் சொன்னாள். டோட்சே தலையாட்டிக்கொண்டே உட்கார்ந்தார். உடனே பிள்ளைகள் இருபது கை தூக்கினார்கள். நிற்கிறாளே என்று மேடம் பெரிய நாற்காலியை யாய்ராவின் பக்கம் நகர்த்தினார். அவள் உட்கார்ந்தாள். தண்ணீர் பாட்டிலைத் திறந்து ஒரு வாய் குடித்தாள். குழந்தையோடு ஓரமாக நின்ற செனானுவின் புது வெள்ளைச் சட்டையில் மெல்ல ஒரு ஈரம் பரவியது.

யாய்ரா அதைப் பார்த்தாள். மைக் வாயருகிலேயே இருந்தது.

"சேர்மன் அவர்களே, உங்க மகனைக் கொஞ்சம் அந்தப் பக்கம் கூட்டிட்டுப் போய்த் துணி மாத்திட்டு வர்றீங்களா?"